ஊசிக்குக் காசு உண்டு, போனை எடுக்கக் காசு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய்ச் சிகிச்சையில் ‘வேல்யூ பேஸ்டு கேர்’ என்ற பேச்சு இப்போது மருத்துவ மாநாடுகளிலும் காப்பீட்டுக் கூட்டங்களிலும் அடிபடுகிறது. எத்தனை ஊசி, எத்தனை ஸ்கேன், எத்தனை நாள் படுக்கை என்று எண்ணிக் காசு கொடுப்பதை விட்டு, நோயாளிக்கு என்ன பலன் கிடைத்தது என்று பார்த்துக் கொடுப்பதுதான் அது. பலனுக்கேற்ற கட்டணம் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். மதுரையில் பகல்நேரக் கீமோ வார்டு, மருந்து கலக்கும் அறை, கதிர்வீச்சு அறை, காப்பீட்டு மேசை ஆகிய இடங்களில் வேலை பார்க்கும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. அது இல்லையென்றால் உசிலம்பட்டியிலிருந்தும் கமுதியிலிருந்தும் வரும் பலர் புற்றுநோய் ஆஸ்பத்திரி வாசலை மிதித்திருக்கவே மாட்டார்கள். அதில் குறை சொல்ல இந்தக் கடிதம் இல்லை. ஆனால் பேக்கேஜ் என்பது செய்த காரியத்துக்கான கூலி. கீமோ ஒரு சைக்கிளுக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, இவ்வளவு, அறுவைக்கு இவ்வளவு. ஒரு சைக்கிளுக்கும் அடுத்த சைக்கிளுக்கும் நடுவே 20 நாள் இருக்கிறது. நோயாளி சிக்கலில் மாட்டுவது பெரும்பாலும் அந்த 20 நாளில்தான். அந்த நாட்களில் வீட்டில் இருப்பவரைப் போனில் கவனித்துக்கொள்வதற்குப் பேக்கேஜில் இடமில்லை.

அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் கைவைத்ததும் இந்த இடத்தில்தான். 2016 ஜூலை முதல் 2022 ஜூன் வரை ஒரு திட்டத்தை நடத்தியது. கீமோ தொடங்கியதிலிருந்து 6 மாதத்தை ஒரே கணக்காக எடுத்துக்கொண்டு, வழக்கமான பில்லுக்கு மேல் நோயாளி ஒருவருக்கு மாதம் 160 டாலரை, கவனித்துக்கொள்வதற்கு என்றே தனியாகக் கொடுத்தது. மொத்தச் செலவு இலக்குக்குள் நின்று தரமும் இருந்தால் மிச்சத்தில் பங்கு. அந்தக் காசை வைத்துப் புற்றுநோய் கிளினிக்குகள் இரவு பகலாக நர்ஸ் பதில் சொல்லும் போன் வைத்தன. காய்ச்சல், வாந்தி என்று வருபவரை அவசரப் பிரிவுக்குத் தள்ளாமல் அன்றே பார்க்க நேரம் ஒதுக்கின. நோயாளிக்கு வழிகாட்ட ஆள் போட்டன. விலை உயர்ந்த மூல மருந்திலிருந்து, அதற்கு நிகரான மலிவு மருந்தான பயோசிமிலருக்கு மாறின. 2023 ஜூலையில் தொடங்கிய அடுத்த திட்டத்தில் 7 வகைப் புற்றுநோய் மட்டும். மாதத் தொகை 70 டாலராகக் குறைந்து, 2025-இல் 110 ஆக ஏறியது. செலவு இலக்கைத் தாண்டினால் இம்முறை கிளினிக்கே ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

முதல் திட்டத்தில் மெடிகேர் லாபம் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொடுத்த மாதத் தொகையையும் ஊக்கத்தொகையையும் கழித்தால் கை நட்டம்தான். செலவில் பெரும்பங்கு மருந்து விலை. அதை நிர்ணயிப்பது கிளினிக் அல்ல. கையில் இல்லாத விலைக்குப் பொறுப்பேற்கச் சொன்னால் யாருக்கும் கசக்கும். ஆகவே அந்த ஏற்பாட்டை அப்படியே தூக்கிவந்து தல்லாகுளத்தில் இறக்கச் சொல்லவில்லை. போனை எடுப்பவருக்குச் சம்பளம் கொடுத்தது மட்டும் சரி என்கிறோம்.

ஏன் என்று பார்ப்போம். மார்பகப் புற்றுநோய்க்குப் போடும் ‘சிவப்பு ஊசி’யும் சைக்ளோபாஸ்ஃபமைடும் சேர்ந்தால், கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்குவது 10-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள். டோசிடாக்செல் என்றால் 7, 8-ஆம் நாளிலேயே. அப்போது வரும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் அல்ல. 38.3 டிகிரி செல்சியஸ், அதாவது ஏறத்தாழ 101 ஃபாரன்ஹீட், ஒரு தடவை காட்டினாலும் போதும், அல்லது 100.4 ஒரு மணி நேரம் நின்றாலும் போதும். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த 60 நிமிடத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? வீட்டில் தெர்மாமீட்டர் இல்லை. தொட்டுப் பார்த்து ‘லேசா கனகனன்னு இருக்கு’ என்கிறார்கள். ஒரு பாராசிட்டமால் போட்டதும் சூடு இறங்கிவிடுகிறது, கிருமி இறங்குவதில்லை. மறுநாள் பக்கத்து கிளினிக்கில் இடுப்பில் ஒரு ஊசி. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் குறைந்திருக்கும் நேரத்தில் தசையில் ஊசி குத்தினால் உள்ளே ரத்தம் கட்டும், சீழ் பிடிக்கவும் வழியாகும். மூன்றாம் நாள் இரவு ரத்த அழுத்தம் 80-க்கு விழுந்த பிறகு மாட்டுத்தாவணி தாண்டி ஆம்புலன்ஸ் வருகிறது. பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவு, அடுத்த கீமோ மூன்று வாரம் தள்ளிப்போதல், காப்பீட்டுத் தொகையில் பெரிய ஓட்டை. இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரும் இரவு 2 மணிக்கு எடுக்கப்படும் ஒரு போனும் இருந்திருந்தால் கதை வேறு.

போனை எடுப்பவரிடம் நோயாளியின் கீமோ விவரம் இருக்க வேண்டும். வெறும் வரவேற்பு மேசை எண் பயன்படாது. என்ன மருந்து, இன்றைக்கு எத்தனையாவது நாள், கடைசி ரத்தப் பரிசோதனை என்ன, மருந்து ஏற்றக் கையில் பொருத்திய பிஐசிசி குழாய் இருக்கிறதா. கேள்விகள் அதிகம் வேண்டாம். காய்ச்சல் எவ்வளவு, வாந்தியில் தண்ணீராவது நிற்கிறதா, வாய்ப்புண்ணால் விழுங்க முடியவில்லையா, மூச்சு வாங்குகிறதா, எங்காவது ரத்தம் கசிகிறதா, வயிற்றுப்போக்கு எத்தனை முறை. இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடுவார்கள். கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை சாப்பிடுபவருக்கு வழக்கத்தைவிட நாளுக்கு 4 முறை கூடுதலாகப் போனாலே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேட்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். ‘டாக்டர் 14 நாள்னு சொன்னாரு’ என்று பத்து முறை போன பிறகும் விழுங்கிக்கொண்டிருப்பார்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்பதைத் தொடங்கும் நாளிலேயே சொல்லாதது எங்கள் தரப்புப் பிழை.

இதெல்லாம் வெறும் ஆறுதல் வேலை என்று நினைக்க வேண்டாம். நியூயார்க்கில் 766 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. தங்கள் தொல்லைகளை அவ்வப்போது கணினி வழியே பதிந்து, மோசமானால் நர்ஸுக்குத் தகவல் போகும்படி வைத்தவர்கள் நடுக்கணக்கில் 31.2 மாதம் வாழ்ந்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் 26 மாதம். ஐந்து மாத ஆயுளைத் தரும் புதிய மருந்துக்கு என்ன விலை சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நம் பக்கம் கணினிகூட வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுபோகும் பெண்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். அவர்களின் பட்டியலில் அந்த ஊரில் கீமோ பெறுபவர் பெயரையும் 7 முதல் 14 வரையான நாட்களையும் சேர்த்தால் போதும்.

அடுத்தது, யாரும் கவனிக்காத ஃபார்மலின் பாட்டில்; பரிசோதனைக்குப் போகும் சதை கெடாமல் காக்கும் திரவம் அது. சிறிய ஊர் நர்சிங் ஹோமில் மார்புக் கட்டியை எடுக்கிறார்கள். எடுத்த சதையை ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் போட வேண்டும். சதையைப்போல் பத்து மடங்கு திரவம் வேண்டும். பெரிய கட்டி என்றால் 5 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளியில் கீறிவிட வேண்டும், இல்லாவிட்டால் திரவம் நடுவுக்குப் போகாது. 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்தைத் தாண்டாமல் ஊற வேண்டும். நடப்பது என்னவென்றால், கைக்குக் கிடைத்த சிறு டப்பாவில் கட்டியைத் திணிப்பார்கள். ஃபார்மலின் சதையை நனைத்திருக்கும், மூடியிருக்காது. சிலர் சலைனில் போட்டு அனுப்புவதும் உண்டு. சனிக்கிழமை மாலை அறுவை என்றால் திங்கட்கிழமை வரை டப்பா மேசையில் கிடக்கும். வெளியே கெட்டியாகி உள்ளே அழுகிய சதையில், ஹார்மோனைத் தடுக்கும் மருந்து பலிக்குமா என்று காட்டும் ஹார்மோன் ஏற்பிப் பரிசோதனை செய்தால், இருப்பதும் இல்லை என்று வரும். விளைவு? நாளுக்கு 20 மில்லிகிராம் டமாக்ஸிஃபென் ஒரு மாத்திரை வீதம் 5 ஆண்டு சாப்பிட்டுப் பலன் பெற்றிருக்க வேண்டியவருக்கு அது கிடைக்காமலே போகிறது. புற்றுநோய் மருந்துக் கடையிலேயே மலிவான சரக்குகளில் அது ஒன்று. பலன், மதிப்பு என்று மாநாட்டில் பேசுபவர்கள் இந்த டப்பாவிலிருந்து தொடங்கலாம். முடிந்தால் முதலில் ஊசியில் சதைப் பரிசோதனை, பிறகுதான் கத்தி. காப்பீட்டு முன் அனுமதிக்கும் அந்த ரிப்போர்ட்தான் முதலில் கேட்கப்படுகிறது.

முன் அனுமதியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆதாரில் முத்துலட்சுமி, காப்பீட்டு அட்டையில் முத்துலெட்சுமி; அந்தக் கொம்பு ஒன்றுக்காகக் கீமோ தள்ளிப்போவது உண்டு. வரும் முதல் நாளிலேயே இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அமெரிக்காவில் அந்த ஆளுக்கு நேவிகேட்டர் என்று பெயர்.

இனி மருந்து. ஹெர்-2 வகை மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப்பை எடுத்துக்கொள்வோம். முதல் டோஸ் கிலோவுக்கு 8 மி.கி., அடுத்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 6 மி.கி. 55 கிலோ எடையுள்ளவருக்கு முதலில் 440, பிறகு ஒவ்வொரு முறையும் 330. குப்பி 440 மி.கி. ஒவ்வொரு முறையும் புதுக்குப்பி உடைத்து 110 மி.கி.யைக் கொட்டினால் ஓராண்டின் 18 டோஸுக்கு 18 குப்பி. ஆனால் 440 குப்பியோடு வரும், பாதுகாப்புப் பொருள் கலந்த 20 மி.லி. நீரில் கரைத்தால், 2 முதல் 8 டிகிரி குளிரில் 28 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். அடுத்த டோஸ் 21-ஆம் நாள். எனவே மிச்சமான 110-ஓடு புதுக்குப்பியிலிருந்து 220; அதற்கடுத்து மிச்சமான 220-ஓடு 110; பிறகு மிச்சமான 330 அப்படியே. நான்கு டோஸுக்கு மூன்று குப்பி. ஆண்டுக்கு 14 குப்பியில் முடிந்துவிடும். நான்கு குப்பி மிச்சம், ஒரு மில்லிகிராம் குறைக்காமல்.

கெட்டுப்போகும் இடங்களும் இதில் உண்டு. குப்பியைக் குலுக்கினால் நுரை கட்டி, இழுக்கும் அளவு குறையும். மெதுவாகச் சுழற்ற வேண்டும். சாதாரண ஊசி நீரில் கரைத்துவிட்டால் 28 நாள் கணக்கு செல்லாது. டெக்ஸ்ட்ரோஸில் கலக்கவே கூடாது, சலைன் மட்டும். கரைத்த தேதியும் நேரமும் எழுதாத குப்பி குப்பைக்குத்தான் போக வேண்டும். குப்பியை நோயாளி கையில் கொடுத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்வது ஆபத்து. மின்வெட்டும், ஃப்ரீசரில் வைத்துவிடும் பேரப்பிள்ளையும் மருந்தைக் கொன்றுவிடுவார்கள். அது ஆஸ்பத்திரி ஃபார்மஸியில், வெப்பம் பதியும் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சைக்கிளுக்கும் புதுக்குப்பி ஸ்டிக்கர் ஒட்டினால்தான் பில் செல்லும் என்று கேட்கும் இடத்தில் இந்தச் சிக்கனத்தை யார் செய்வார்கள்? சிக்கனம் செய்பவருக்குப் பில் நிராகரிப்பு, கொட்டுபவருக்கு முழுப்பணம். எண்ணிக்கைக்குக் காசு கொடுப்பதன் கோளாறு இதைவிடத் தெளிவாகத் தெரியாது.

வாய்ப் புற்றுநோயில் இன்னும் பெரிய மிச்சம் இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வில், மீண்டும் வந்த அல்லது முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோடினிப் மாத்திரைகளோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் நிவோலுமாப் ஊசியை வெறும் 20 மி.கி. சேர்த்தார்கள். வழக்கமான டோஸ் இரண்டு வாரத்துக்கு 240. ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமானார்கள். முழு டோஸோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு அல்ல அது. ஆனால் முழு டோஸ் வாங்க முடியாதவருக்கு ஒன்றுமே இல்லை என்ற நிலையை மாற்றியது. புகையிலை மெல்லும் நம் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வு வேறில்லை. இதில் குப்பி 40 மி.கி.; பாதுகாப்புப் பொருள் கிடையாது, மிச்சத்தை அடுத்த வாரத்துக்கு வைக்க முடியாது. ஆகவே இரண்டு பேரை ஒரே நாளில் வரச் சொல்ல வேண்டும். ‘நிவோ செவ்வாய்’ என்று ஒரு கிழமையை வைத்துவிட்டால் முடிந்தது. அதற்கு வேண்டியது ஒரு நோட்டும், ஆளை அழைத்துச் சொல்ல ஒரு போனும்.

கொள்முதலில் தமிழ்நாட்டுக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தை மொத்தமாக வாங்கித் தருவதை நாடே பார்த்துப் பழகியது. புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பான தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பு 23 மையங்களுக்காக 40 மருந்துகளைச் சேர்த்துப் பேரம் பேசியபோது விலை நடுக்கணக்கில் 82 சதவீதம் இறங்கியது. மதுரை வட்டாரத் தனியார் மையங்கள் சேர்ந்து வாங்க ஏன் தயங்குகின்றன என்பது எங்களுக்குப் புரிந்த விஷயம்தான். இங்கே எழுத வேண்டாம்.

கதிர்வீச்சுக்கு வருவோம், நோயாளிகள் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். மார்பக அறுவைக்குப் பின் 25 தவணை, 5 வாரம் என்பது பழைய கணக்கு. 40 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவை 15 தவணையில், 3 வாரத்தில் கொடுத்தால் அதே பலன் என்று பிரிட்டிஷ் ஆய்வுகள் எப்போதோ நிறுவிவிட்டன. தகுந்தவர்களுக்கு 26 கிரேயை 5 தவணையில் ஒரே வாரத்தில் முடிக்கலாம் என்று 2020-இல் வந்தது. கம்பத்திலிருந்து ஆரப்பாளையம் வந்து இறங்குபவருக்கு 25-க்கும் 15-க்கும் நடுவில் இருப்பது இரண்டு வார லாட்ஜ் வாடகையும், கூட இருக்கும் மகனின் இரண்டு வாரக் கூலியும். ஆஸ்பத்திரிக்கும் லாபம்: மூன்று பேருக்குச் செலவான மெஷின் நேரத்தில் ஐந்து பேர் முடியும். ஆனால் தவணைக்கு இவ்வளவு என்று பில் போடும் இடத்தில் 25-ஐ 15 ஆக்குபவர் தன் வரும்படியில் ஐந்தில் இரண்டை விட்டுக்கொடுக்கிறார். முழு சிகிச்சைக்கும் ஒரே தொகை என்று வைத்தால் அந்தத் தயக்கம் போய்விடும். எலும்பில் பரவி வலிப்பவருக்கும் இப்படித்தான். 8 கிரே ஒரே தவணை, 30 கிரே 10 தவணை, வலி குறைவதில் இரண்டும் ஒன்று. ஒரே தவணையில் மறுபடி வைக்க வேண்டிவருவது கூடுதல், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு. அதைச் சொல்லிவிட்டு நோயாளியையே முடிவெடுக்கச் சொல்லலாம்.

தவணை குறைப்பது வேறு, நடுவில் நிறுத்துவது வேறு. கருப்பைவாய்ப் புற்றுநோயில் வெளிக்கதிர்வீச்சும் உள்ளே வைக்கும் கதிர்வீச்சும் சேர்ந்து 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். ஊர்த் திருவிழா, காதுகுத்து என்று ஒரு வாரம் போய்வந்தால் கட்டி அந்த வாரத்தில் சும்மா இருப்பதில்லை. ஒரு நாள் வராமல் போனவரைக்கூட அன்று மாலையே அழைக்க வேண்டும். மறுபடியும் அந்தப் போன்தான்.

பலனுக்குக் காசு என்றதும் ‘உயிர் பிழைத்தவர் எண்ணிக்கைக்குக் காசு’ என்று யாராவது எழுதிவிடுவார்களோ என்பது எங்கள் பயம். அப்படி வைத்தால் மறுநாளே முற்றிய நோயாளிக்கு ‘பெட் இல்லை’ என்ற பதில் கிடைக்கும். மதுரைக்கு வருபவர்களில் நோய் முற்றி வருபவர்கள் நிறைய. எனவே ஆஸ்பத்திரியின் கையில் இருப்பதை மட்டும் அளக்க வேண்டும். சதைப் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததிலிருந்து சிகிச்சை தொடங்க எத்தனை நாள், காய்ச்சலோடு வந்தவருக்கு எத்தனையாவது நிமிடத்தில் ஆன்டிபயாடிக், தொடங்கியவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், காப்பீடு போக வெளியே வாங்க வைத்த மருந்துக்கு நோயாளி எவ்வளவு கொடுத்தார். கடைசியாகச் சொன்னதை அளக்க ஆரம்பித்தால் பல இடங்களில் பேச்சே மாறும். முற்றிய நோயில், வாய்வழி மார்ஃபின் கொடுக்கப்பட்டதா, அதோடு மலமிளக்கியும் சேர்த்து எழுதப்பட்டதா என்பதும் கணக்கில் வர வேண்டும். மலச்சிக்கலுக்கு மருந்தில்லாமல் மார்ஃபின் கொடுத்தால் நான்காம் நாள் நோயாளி மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு வலியோடு கிடப்பார். 2014-இல் சட்டம் திருத்தி எளிதாக்கிய பிறகும் மார்ஃபின் மாத்திரை வைத்திராத மையம் முழுமையான புற்றுநோய் மையம் ஆகாது என்பது எங்கள் கருத்து.

இதற்கெல்லாம் ஆதாரம் தேடிக் கடல் தாண்ட வேண்டியதில்லை. பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கருப்பைவாயில் 4 சதவீத அசெட்டிக் அமிலம் தடவி வெறுங்கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். அந்த நோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் வெளியானது. வினிகர், பஞ்சு, வெளிச்சம், கற்றுக்கொண்ட கை. அந்தச் சோதனை இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்கிறது. அதில் சந்தேகம் என்று வந்தவரை அடுத்த கட்டத்துக்குக் கூப்பிட்டு வரவழைக்கும் வேலைதான் பாதியில் நிற்கிறது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கடிதம் நீளம் என்று வெட்ட நேர்ந்தாலும் கீழே உள்ளதை மட்டும் பெட்டி கட்டிப் போடுங்கள். வெட்டி எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்பவர்கள் இருப்பார்கள்.

கீமோ போட்ட 7-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள் வரை காலை, மாலை காய்ச்சல் பாருங்கள். 100.4-ஐத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம், இடுப்பில் ஊசி வேண்டாம், எனிமா வேண்டாம். இரவானாலும் உடனே கிளம்புங்கள். போனவுடன், பெயர் சொல்வதற்கு முன்பே, ‘கீமோ போட்டிருக்கு, இன்னைக்கு இத்தனாவது நாள்’ என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
புற்றுநோய்ப் பிரிவுகளில் பணிபுரியும் செவிலியர், மருந்தாளுநர், கதிரியக்கத் தொழில்நுட்பர் சிலர்,
மதுரை